தூக்கித் தள்ள வேண்டிய கதவு

டோக்கியோவில், சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே, தச்சர்களும் மீன்காரர்களும் குடியிருக்கும் ஒரு தெருவில் மட்சுநோயு என்ற பொதுக் குளியல் கூடம் இருந்தது. அதன் வாசல் கதவு லேசுப்பட்ட கதவு இல்லை. பார்வைக்குப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற சாதாரணக் கண்ணாடிக் கதவுதான். ஆனால் வெறுமனே தள்ளினால் இம்மியும் நகராது. போர்க்காலத்தில் வானத்திலிருந்து நெருப்பு கொட்டிய இரவில் அந்தத் தெரு எரிந்தது. குளியல் கூடம் எப்படியோ தப்பித்தது. கதவுச் சட்டம் மட்டும் வெப்பத்தில் கோணிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கதவை லேசாகத் தூக்கி, பிறகு தள்ள வேண்டும். தெருக்காரர்களுக்கு அது கைப்பழக்கம். வெளியாள் யாராவது வந்து கதவோடு மல்லுக்கட்டினால், வீட்டுக்காரி தோமே அம்மாள் உள்ளேயிருந்து ஒரே குரல் கொடுப்பாள்.

"தூக்கித் தள்ளுங்க!"

கதவைச் சரி செய்யக் கூடாதா என்று யாராவது கேட்டால், யார் நம்மவர், யார் புதியவர் என்று அதுதான் சொல்கிறது என்பாள்.

அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு நாள் ஒரு ராஜகுமாரி வந்து நின்றாள். கினுகோவின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ராஜகுமாரி என்று சொன்னது உபசாரத்துக்கு இல்லை. கினுகோ உண்மையாகவே அரச ரத்தம். அசகிரி இளவரசரின் ஒரே மகள். மேட்டுப் பகுதியில், பைன் மரங்கள் சூழ்ந்த மாளிகையில் பிறந்தாள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அதன் பிறகு அவளை வளர்த்தவை விதிமுறைகள்தான். அவளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அரச குடும்பத்தாருக்கு அது தேவைப்படுவதில்லை. எந்தப் பொருளையும் யாரும் அவள் கையில் நேராகக் கொடுத்ததில்லை. பென்சிலானாலும் ஆரஞ்சானாலும் தட்டில் வைத்து, பட்டுத்துணி விரித்து, குனிந்து நீட்டுவார்கள். அவள் குளித்த தண்ணீரில் இன்னொருவர் குளிக்கக் கூடாது. அவள் வெளியே வந்ததும் தொட்டியைத் திறந்துவிடுவார்கள். அவள் நடந்தால் கதவுகள் தானாகத் திறக்கும். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் மண்டியிட்டுக் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார் என்பது அவளுக்கு வெகுகாலம் தெரியாது. கதவு என்பதே அப்படிப்பட்ட பொருள் என்று நினைத்திருந்தாள்.

அவள் பிறந்ததைப் பற்றிச் செவிலி சொன்ன ஒரு கதை மட்டும் அவள் மனதில் ஒரு கணப்பைப் போல எரிந்துகொண்டே இருந்தது. அரச குழந்தைகளை ஏழாம் நாள் குளிப்பாட்டும்போது, திரைக்கு அப்பால் ஒருவர் வில்லை ஏந்தி நின்று, அம்பு தொடுக்காமல் நாணை மட்டும் இழுத்து விடுவார். அந்த ஒலி கேட்கும் இடத்தில் கெட்டது எதுவும் அண்டாது. கினுகோவின் ஏழாம் நாளில் பனி கொட்டியது. வில் ஒலிக்க வர வேண்டிய பிரபுவின் வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. அப்போது அப்பா எழுந்து, வில்லை எடுத்து, தானே திரைக்குப் பின்னால் போய் நின்றாராம். வேலைக்காரர்கள் அனைவரும் திகைத்துப் போனார்களாம். அவளை மடியில் வைத்துக் கொஞ்சாத, தலையைத் தடவாத அப்பா, அவளுக்காகச் செய்த ஒரே ஒரு காரியம் அது. கினுகோவுக்கு அது போதுமானதாக இருந்தது.

போர் முடிந்தது. தோற்ற நாட்டில் இத்தனை இளவரசர்கள் எதற்கு என்று கேள்வி எழுந்தது. கிளைக் குடும்பங்கள் எல்லாம் ஒரே நாளில் சாதாரணக் குடிமக்கள் ஆயின. அப்பாவுக்குக் குடும்பப் பெயர் வந்தது. ரேஷன் வரிசையில் இடமும் வந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள். வயதான ஒகிதா ஒருவர் மட்டும் போக மறுத்துவிட்டார். மாளிகை கைமாறியது. அதற்கு முன்னால், குளியலறையின் பெரிய செம்புக் கொதிகலனைக் கழற்றிக்கொண்டு போக ஒருவன் வந்தான்.

அவன்தான் ஜின்பெய். தோமே அம்மாளின் மகன். மட்சுநோயுவில் அடுப்பெரித்து வெந்நீர் போடுகிறவன். புகையேறிய முகமும் வெள்ளை வெளேரென்ற பற்களுமாக வந்து கொதிகலனுக்கு அடியில் படுத்துக்கொண்டான். பக்கத்தில் யாரோ நிற்பது கால்களிலிருந்து தெரிந்தது. யார் என்று பார்க்கவில்லை.

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கரி படிந்த திருகு சாவி ஒன்றை மேலே நீட்டினான்.

தட்டு இல்லை. பட்டு இல்லை. கையிலிருந்து கைக்கு. கினுகோ அதை வாங்கினாள். இரும்பு கனத்தது, சூடாக இருந்தது, அவன் கையின் சூடு அது. அவன் வேலையை முடித்து எழுந்து, தான் யாரிடம் சாவியைக் கொடுத்தோம் என்று பார்த்து வெலவெலத்துப் போனான். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனமே இல்லை.

காதல் எங்கே, எப்படி முளைக்கும் என்று யார் கண்டார்கள்? மல்லிகைப் பந்தலிலும் முளைக்கிறது, கரி படிந்த கொதிகலன் அடியிலும் முளைக்கிறது. ஒரு வருஷத்துக்குள் கினுகோ அப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்து, ஜின்பெய்யை மணக்கப் போவதாகச் சொன்னாள். அனுமதி கேட்கவில்லை. புதிய சட்டத்தில் அது தேவைப்படவில்லை என்பதை அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

அப்பா குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"ஊரார் அழுக்கைக் கழுவுற வீடு. அந்த வாசலுக்கு நான் வர மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"சரி, அப்பா. உங்க ஆசனத்தை மட்டும் போட்டு வைக்கிறேன்" என்றாள் அவள். குனிந்து வணங்கிவிட்டு எழுந்தாள்.

கல்யாணம் குளியல் கூடத்து மாடியில் நடந்தது. அன்றும் பனி. கினுகோ வாடகைக் காரில் தனியாக வந்து இறங்கினாள். கார் போய்விட்டது. அவள் கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே எல்லாரும் மணப்பெண்ணுக்காகக் காத்திருந்தார்கள். வெளியே மணப்பெண் கதவுக்காகக் காத்திருந்தாள். மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டில் பனி ஏறியது. கடைசியில், வழி தவறிவிட்டாளோ என்று தேடப் புறப்பட்ட ஜின்பெய்தான் கதவைத் திறந்தான்.

"ஏங்க இங்கயே நிக்கிறீங்க?"

"கதவு இன்னும் திறக்கலையே" என்றாள் கினுகோ, வெகு இயல்பாக.

ஜின்பெய் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். பிறகு வெளியே வந்து கதவை மூடி, அவள் கையைப் பிடித்து அதில் வைத்து, தூக்கித் தள்ளுவது எப்படி என்று காட்டினான். தன் கையால் திறந்த முதல் கதவின் வழியாக அவள் தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

மாடியில் பெண் வீட்டார் பக்கம் ஓர் ஆசனம் போடப்பட்டிருந்தது. விருந்து முடியும்வரை அது காலியாகவே கிடந்தது. கினுகோ அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் குளிரில் மரத்தது போல இருந்தது அவளுக்கு.

மறுநாளே ஊர் சிரித்தது. புது மருமகளுக்கு மரியாதை செய்ய நினைத்தாள் தோமே அம்மாள். கூடம் திறக்கும் முன்பு, புத்தம் புதிய வெந்நீரில் முதல் குளியல் அவளுக்கு என்று சொல்லிப் பெரிய தொட்டிக்கு அனுப்பினாள். கினுகோ சுகமாகக் குளித்தாள். எழுந்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கப்படி, தன் தண்ணீரில் இன்னொருவர் குளிக்கும் அவலம் நேரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். விடிந்ததிலிருந்து காய்ச்சிய தண்ணீர் முழுவதும் குடுகுடுவென்று சாக்கடைக்குப் போயிற்று. வாசலில் துண்டும் கையுமாகத் தெருவே நின்றது.

"ஊரே குளிக்கிற தண்ணியடி அது! ஒருத்தி குளிச்சிட்டுத் தொறந்து விட்டுட்டியே" என்று தோமே அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஜின்பெய் மறுபடி அடுப்பை மூட்டப் போனான். கினுகோ தன் முகத்தைக் கையால் மூடிக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போய், காத்திருந்த தச்சர்களுக்கும் மீன்காரிகளுக்கும் முன்னால், அரசவையில் குனிவது போல இடுப்பு வரை குனிந்து, தவறு தன்னுடையது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். பிறகு முந்தானையைச் செருகுவது போலக் கிமோனோவின் கைகளை நாடாவால் கட்டிக்கொண்டு, விறகு சுமக்கப் போனாள். அன்று மாலை வரை ஜனங்கள் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள். அதற்கப்புறமும் பல வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் வேறு குளியல் கூடத்துக்குப் போகவில்லை.

மட்சுநோயுவில் வாசலைத் தாண்டியதும் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று வழி பிரியும். இரண்டுக்கும் நடுவே ஓர் உயரமான மேடை. அதில் உட்காருகிறவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். யார் வந்தார், யார் போனார், யார் மயக்கம் போட்டார் என்று பார்த்துக்கொள்வது அந்த ஆளின் வேலை. தோமே அம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது, வேறு வழியில்லாமல் மருமகளை அதில் ஏற்றினாள். ஒரு ராஜகுமாரி முன்னால் எப்படித் துணியைக் களைவது என்று முதலில் ஆண்களுக்குக் கூச்சம்.

அந்தக் கூச்சம் அன்று சாயங்காலமே போய்விட்டது. ஏனென்றால், கினுகோ சின்ன வயதிலிருந்து மேடையிலேயே உட்கார்ந்து பழகியவள். கூட்டத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் எவர் மீதும் பார்வை நிற்கக் கூடாது. எல்லாரையும் கண்டுகொண்டதாக அவர்களுக்குத் தோன்ற வேண்டும், எவரையும் உற்றுப் பார்த்ததாகத் தோன்றக் கூடாது. மாளிகையில் அவளுக்கு வருஷக்கணக்கில் பழக்கியது அதைத்தான். நிமிர்ந்த முதுகோடு, வெந்நீர் ஆவியின் நடுவே அவள் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து, தோஃபு விற்கும் கென்சோ தன் பெரிய தொந்தியைத் தட்டிக்கொண்டு சொன்னான்.

"நம்ம தெருவுக்கு இப்பத்தான்யா சிம்மாசனம் வந்திருக்கு."

தோமே அம்மாள் இடுப்பு சரியான பிறகும் மேடையைத் திரும்பக் கேட்கவில்லை. பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, கதவோடு போராடுகிறவர்களுக்குக் குரல் கொடுக்கும் வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

இப்படியே இரண்டு குளிர்காலம் வந்தது. கினுகோ கர்ப்பமானாள். வயிற்றில் பிள்ளை அசையும்போதெல்லாம் அவள் நினைவு ஒரே இடத்துக்குப் போயிற்று. இந்தப் பிள்ளையின் ஏழாம் நாளில் வில் ஒலிக்க யார் இருக்கிறார்கள்? ஒலிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரோ கல்யாணத்துக்கே வராதவர். அப்பா தன்னை உதறிவிட்டார் என்ற நினைப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஜின்பெய்யிடம்கூட. சொல்லாததாலேயே அது அவளுக்குள் பாறையாகிக் கிடந்தது.

மழை பெய்த ஒரு சாயங்காலம். புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர் ஒருவர் கதவைப் பிடித்துப் படாத பாடு பட்டார். வழக்கம்போலத் தோமே அம்மாள் குரல் கொடுத்தாள். கதவு திறந்தது. துணி மாற்றிக்கொண்டிருந்த கென்சோ அதைப் பார்த்துச் சிரித்தான்.

"இவராவது இழுத்துப் பாத்தாரு. நம்ம ஜின்பெய் கல்யாணத்தன்னிக்கு ஒரு பெரியவர் வந்தாரு பாரு. கறுப்பு ஓவர்கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. கையில ஊதாத் துணில கட்டின ஒரு மூட்டை. இந்தக் கதவுக்கு முன்னாடி கம்பம் மாதிரி நின்னாரு. தட்டல, கூப்பிடல, தொடக்கூட இல்ல. தொப்பியெல்லாம் பனி மூடிப் போச்சு. நான் எதிர்ல வண்டிய வச்சுக்கிட்டுப் பாத்துட்டே இருந்தேன்."

"ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் தோமே அம்மாள்.

"வரி ஆபீஸ்காரன்னு நெனச்சேன், அக்கா. அவனுக்குப் போய் வழி சொல்லுவேனா? கடைசியில கதவைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு."

ஆண்கள் பக்கம் சிரித்தது. பெண்கள் பக்கமும் சிரித்தது. மேடை மேலே இருந்தவளுடைய முதுகு மட்டும் இன்னும் நிமிர்ந்தது. எல்லார் மீதும் பட்டு எவர் மீதும் நிற்காத அந்தப் பார்வை, முதல் தடவையாக ஓரிடத்தில் நின்றுவிட்டது. கதவின் மேல்.

மூடிய கதவுக்கு முன்னால் தொடாமல், தட்டாமல், கூப்பிடாமல் நிற்கிற மனிதர்கள் இந்த டோக்கியோ பட்டணத்தில் எத்தனை பேர் இருக்க முடியும்? அவளும் அதே நாள், அதே பனியில், அதே இடத்தில் அப்படித்தானே நின்றாள்? அவளுக்கு ஜின்பெய் திறந்தான். அப்பாவுக்கு யாரும் திறக்கவில்லை.

மறுநாள் காலை கினுகோ கிளம்பினாள். பிள்ளைத்தாய்ச்சி டிராமில் போகக் கூடாது என்று தோமே அம்மாள் தடுத்துப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டாள்.

அப்பா இப்போது மாளிகையின் பழைய காவல்காரர் வீட்டில் இருந்தார். இரண்டே அறை. ஆனால் அந்த இரண்டு அறைக்கு நடுவில் இருந்த கதவுக்குப் பக்கத்திலும் ஒகிதா மண்டியிட்டுத்தான் இருந்தார். கினுகோவின் காலடி கேட்டு அவர் எழுந்து வருவதற்குள், அவளே வாசல் கதவைத் திறந்து, அறைக் கதவையும் திறந்து, உள்ளே போய்விட்டாள். ஒகிதா நடுநடுங்கிப் போனார். அப்பா கணப்புச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். அதைவிட, அவள் கை இன்னும் கதவில் இருந்ததைப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் இருந்த அலமாரித் தட்டில் ஊதாத் துணி மூட்டை ஒன்று, போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. கினுகோவுக்கு இனி கேட்க வேண்டிய தேவைகூட இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு வந்தீங்களா, அப்பா?"

"வந்தேன்."

"ஏன் உள்ள வரலை?"

"கதவு திறக்கல."

"நீங்க திறந்து பாத்தீங்களா?"

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ரோஷம் இல்லை. ஒரு குழந்தையிடம் புரியாத பாஷையில் பேசினால் அது எப்படிப் பார்க்குமோ, அப்படி இருந்தது.

"நானா?" என்றார்.

கினுகோவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து, கண் வழியாகக் கொட்டியது. அப்பா மெல்ல மெல்லச் சொன்னார். மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டதாம். தான் வந்தது தெரிந்தும் திறக்காமல் இருக்கிறார்கள் என்று நினைத்தாராம். வர மாட்டேன் என்று தான் சொன்ன சொல்லுக்கு மகள் கொடுத்த பதில் அது என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பதில் நியாயமானது என்று வணங்கிவிட்டுத் திரும்பினாராம்.

கினுகோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வந்தது அழுவதற்காக இல்லை.

"அந்த வீட்ல யாருக்காகவும் யாரும் கதவு திறக்கறது இல்லப்பா. வர்றவங்கதான் திறந்துக்கணும். தச்சருக்கும் அதே கதவு, போலீஸ்காரருக்கும் அதே கதவு. எனக்கும் அதேதான்." சற்று நிறுத்தினாள். "பிள்ளை பொறந்த ஏழாம் நாள் குளிப்பாட்டுவோம். வில் ஒலிக்க ஆள் வேணும். உங்களைத் தவிர வேற யாரையும் கூப்பிட மாட்டேன்."

"ஒகிதா என்னோட—"

"ஒகிதா வேண்டாம். நீங்களா வாங்க. நீங்களா திறங்க."

அவர் கணப்புக் கரியைக் கிளறினார். கினுகோவும் வற்புறுத்தவில்லை. எழுந்து வணங்கினாள். வெளியே போகும்போதும் தானே கதவைத் திறந்தாள், தானே மூடினாள்.

ஆண்டின் மிகக் குளிரான நாட்களில் குழந்தை பிறந்தது. பெண். ஏழாம் நாள் காலை, கூடம் திறக்கும் முன்பு, பெண்கள் பக்கத்தில் கழுவுகிற தரையில், புது மரத்தொட்டி ஒன்றில் வெந்நீர் நிரப்பினார்கள். சுவரில் வரைந்திருந்த ஃபுஜி மலைக்குக் கீழே ஜின்பெய் ஒரு மடக்குத் திரையை நிறுத்தினான். அரச வழக்கப்படி வில்லோடு ஒருவர் பழைய நூல் ஒன்றையும் வாசிக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட கென்சோ, செய்தித்தாளோடு வந்துவிட்டான். வானிலை அறிக்கை வாசித்தால் பரவாயில்லையா என்று கேட்டான். நாளைக்கும் பனிதானே, அதைக் கேட்டுக் குழந்தை அழும், வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று தோமே அம்மாள் அடக்கினாள்.

அப்போது கதவின் பனி படிந்த கண்ணாடியில் ஒரு நிழல் விழுந்தது. உயரமான நிழல். தொப்பி. தோளுக்கு மேலே ஏதோ நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

நிழல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

தோமே அம்மாள் எழுந்து கதவை நோக்கி நடந்தாள்.

"அத்தை, தொடாதீங்க" என்றாள் கினுகோ.

"வயசானவர்டி. பனியில நிக்கிறாரு. உன் நெஞ்சு என்ன கல்லா?"

"நான் திறந்தா இன்னிக்கு மட்டும் வருவாரு. அவரே திறந்தா தினமும் வருவாரு."

தோமே அம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் கல் இல்லை. உதடு துடித்துக்கொண்டிருந்தது. ஓடிப் போய்க் கதவைத் திறந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த உடம்பு முழுவதும் துடிப்பது தெரிந்தது. தோமே அம்மாள் திரும்பி வந்து தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தொட்டித் தண்ணீர் ஆறியது. ஜின்பெய் ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து கலந்தான். குழந்தை சிணுங்கத் தொடங்கியது. கண்ணாடியில் நிழல் அசைந்தது. பக்கவாட்டில் நகர்ந்தது. கண்ணாடியை விட்டே மறைந்தது.

கினுகோ கண்களை மூடிக்கொண்டாள். தப்புச் செய்துவிட்டேனோ? ஒரு கதவைத் திறந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? மறுபடியும் அவரை அதே பனியில், அதே கதவுக்கு முன்னால் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேனே.

வெளியே டக் என்று ஒரு சத்தம். கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைக்கிற சத்தம். நிழல் மறுபடி கண்ணாடியில் வந்தது. இப்போது வெகு அருகில். கதவு ஒரு தடவை அதிர்ந்தது. திறக்கவில்லை. இன்னொரு தடவை அதிர்ந்தது. அசையவில்லை. பிறகு, வாழ்நாளில் எந்த வாசலிலும் நின்று கேட்டிராத ஒரு குரல், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறிக் கேட்டது.

"உள்ள... யாராவது இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று சொல்லக் கினுகோ வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. ஜின்பெய் வாளியோடு சிலையாக நின்றான். ஆனால் தோமே அம்மாளுக்குக் கதவு அதிர்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வெளியே நிற்பது இளவரசரா தபால்காரரா என்று அந்த வாய் யோசித்துப் பழகியதில்லை.

"தூக்கித் தள்ளுங்க!"

கதவு தூக்கப்பட்டது. தள்ளப்பட்டது. கிறீச்சிட்டுக்கொண்டு முழுவதுமாகத் திறந்தது.

பனிக்காற்றோடு அவர் உள்ளே வந்தார். ஒரு கையில் வில். மறு கையில் ஊதா மூட்டை. யாருக்குக் கட்டளையிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்து, தோமே அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவளை நோக்கி ஆழமாகக் குனிந்தார்.

"சொன்னதுக்கு நன்றி, அம்மா" என்றார். பிறகு தரையைப் பார்த்து, மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். "செருப்பை எங்க வைக்கணும்?"

கென்சோ ஓடிப் போய்க் காட்டினான். தன் செருப்பைத் தானே எடுத்து, கென்சோவின் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, அவர் திரைக்குப் பின்னால் போனார். அதற்குள் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கினுகோ அதைத் தண்ணீரில் இறக்கினாள்.

நாண் ஒலித்தது. வெந்நீர் ஆவிக்குள், ஃபுஜி மலைச் சுவரில் மோதி, உயரமான கூரை வரை எழும்பி, அந்த ஒற்றை ஒலி வட்ட வட்டமாகப் பரவியது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. மறுபடி ஒலித்தது. திரைக்கு இந்தப் பக்கம் கினுகோவின் கண்ணீர் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மகளின் ஏழாம் நாள் குளியலில் தாயின் கண்ணீரும் கலந்தது. அந்தத் தண்ணீரை யாரும் குறை சொல்லவில்லை.

குழந்தையைத் துடைத்து முடித்த பிறகு அவர் திரையை விட்டு வெளியே வந்தார். மூட்டையின் முடிச்சைத் தானே அவிழ்த்தார். பழக்கமில்லாத விரல்கள், வெகு நேரம் பிடித்தது. உள்ளே கினுகோவின் தாய் தலையில் செருகியிருந்த சீப்பு இருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தட்டைத் தேடுகிறார் என்று கினுகோவுக்குத் தெரிந்தது. அவள் அசையவில்லை. ஈரக் கையை மட்டும் நீட்டினாள்.

அவர் சீப்பை அவள் கையில் வைத்தார். கையிலிருந்து கைக்கு. மகளின் கை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அவர் அறிந்தது அன்றைக்குத்தான்.

அவர் தினமும் வரத் தொடங்கினார். ஒகிதாவும் பின்னாலேயே வர ஆரம்பித்தார். கதவைத் திறக்க அல்ல, குளிக்க. ஆண்கள் பக்கத்தில் கென்சோ இளவரசரின் முதுகைத் தேய்த்துவிட்டான், பிறகு தன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரும் தேய்த்துவிட்டார். பேத்தி தவழ்ந்தாள், நடந்தாள், மேடையின் படியில் ஏறி அம்மாவின் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கினுகோவுக்கு அந்த மேடையே வாழ்க்கையாயிற்று. இன்னொரு பிறவியில் எங்கே பிறக்க ஆசை என்று யாராவது கேட்டால், இந்தத் தெருவில்தான் என்று யோசிக்காமல் சொல்லுவாள்.

கதவை மட்டும் சரி செய்ய விடவில்லை. ஜின்பெய் ஒரு தடவை புதுச் சட்டத்துக்கு மரம் வாங்கிக்கொண்டு வந்தான். அதை அடுப்பில் வைத்துவிடச் சொன்னாள்.

ஒரு மாலை, தோமே அம்மாள் சந்தைக்குப் போயிருந்தாள். வெளியே யாரோ ஒரு புதியவர் கதவைப் பிடித்து ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். அத்தை இல்லையே என்று கினுகோ தானே குரல் கொடுக்க வாயைத் திறந்தாள். அதற்குள் ஆண்கள் பக்கத்து ஆவிக்குள்ளிருந்து, கழுத்து வரை வெந்நீரில் மூழ்கிய ஒரு வயதான குரல், மிகவும் சாவதானமாக, மிகவும் மரியாதையாக, தெருவுக்கே கேட்கும்படி எழுந்தது.

"தூக்கித் தள்ளுங்க!"